ஆறாம் எண் வீட்டுப் பிள்ளைகள்

பதினான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசாத அக்காளும் தங்கையும் போன வாரம் பள்ளிக்கூட வாசலில் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தோம். படித்தவர்களில் பாதிப் பேர் கூடவே அழுதீர்கள் என்று வந்த கடிதங்கள் சொல்கின்றன. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமாதானத்துக்கு ஆயுசு ஐந்தே நாள்தான் போலிருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. அக்கா, நாலாம் வார்டுப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குக் கட்டிய கட்டடத்தில் நானூற்று இருபது பேரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள். தங்கை கல்வி அலுவலகத்தில் திட்டப் பிரிவில் இருக்கிறாள். இன்னும் ஐந்து வருடத்தில் எந்தப் பகுதியில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள், அவர்களுக்கு எத்தனை வகுப்பறை வேண்டும் என்று இப்போதே கணக்குப் போட்டுச் சொல்வது அவள் உத்தியோகம். அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர்.

முதல் தடவை அக்கா கட்டடம் கேட்டபோது "எண்ணிக்கை போதாது" என்று எழுதியவள் இந்தத் தங்கைதான். அன்றைக்கு நின்றது பேச்சு. இந்த வருடக் கணக்கில் எண்ணிக்கை ஏறிவிட்டது. அக்காவின் பள்ளிக்கு இருபத்து நாலு புது வகுப்பறை என்று முடிவானது. பேச்சும் திரும்பி வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது.

நாளைக் காலை அங்கே மண் வெட்டுகிறார்கள். இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கல்வி அலுவலகத்தில் கட்டடக் குழு கூடிக் கடைசிக் கையெழுத்துப் போடும். அதே கையெழுத்தில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டுக் குடியிருப்பில் பள்ளிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிலம் பஸ் பணிமனைக்குப் போய்விடும். மேட்டில் பிறப்பு குறைவு, அங்கே பள்ளி வேண்டாம் என்று எழுதியவளும் நம் இளையவள்தான்.

இனி இன்றைய பொழுது.

*

காலை ஏழரை மணிக்கு இளையவளின் வீட்டு அலமாரி முழுவதும் கட்டிலின் மேல் கிடந்தது. ஐந்து வயது மகளை, வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் படிவம் நிரப்ப வேண்டும். பிறப்புச் சான்றிதழைக் காணோம்.

"என்னங்க, அதை எங்க வச்சீங்க?"

"நீதானே பத்திரமா வச்சே?" என்றான் கணவன், வாயில் பல்துலக்கும் பிரஷோடு.

"பத்திரமா வச்சதாலதான் கிடைக்க மாட்டேங்குது."

கடைசியில் ஃபிரிட்ஜ் வாங்கியபோது கொடுத்த உத்தரவாத அட்டைக்குள் செருகிக் கிடந்தது. இளையவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சான்றிதழைப் பார்த்துப் படிவத்தை நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர். அடுத்த வரிக்கு வந்தபோது பேனா நின்றது.

வார்டு: நாலு.

அவர்கள் குடியிருப்பது ஏழாம் வார்டு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஏழாம் வார்டு. நாலாம் வார்டில் இருப்பது அரசுப் பெரிய ஆஸ்பத்திரி. வாண்டு அங்கே பிறந்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எழுதினவர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். மறுகணம் தன் மேசைக்கு வருகிற பட்டியல் நினைவுக்கு வந்தது. வருடா வருடம் பதிவு அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு பட்டியல் வரும். வார்டு வாரியாகப் பிறந்த குழந்தைகள். அதை வைத்துத்தான் ஐந்து வருடத்துக்கு அப்புறம் வரப்போகிற ஒன்றாம் வகுப்பை அவள் கணக்கிடுகிறாள். அந்த வார்டு, குழந்தையின் வீடு இருக்கிற வார்டு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பதிவு அலுவலகத்து எழுத்தரை வீட்டுத் தொலைபேசியிலேயே பிடித்தாள்.

"ஐயா, நீங்க அனுப்புற பட்டியல்ல வார்டுன்னு போட்டிருக்கே, அது வீடா, பிறந்த இடமா?"

"பிறந்த இடம்தாம்மா. ஆஸ்பத்திரி எங்க இருக்கோ அதான் வார்டு."

"எப்பவுமே அப்படித்தானா?"

"நான் வந்ததிலேருந்து அப்படித்தான். பதினெட்டு வருஷமா யாரும் கேக்கலையே!"

சான்றிதழைத் தேடப்போய்க் கிணறு வெட்ட பூதம் புறப்பட்ட கதையானது. பெற்ற தாயே தன் பிள்ளையைக் கொண்டுபோய் வேறு வார்டில் குடிவைத்திருக்கிறாள். அவள் பிள்ளை மட்டுமா? ஊரில் முக்கால்வாசிக் குழந்தைகள் பிறப்பது அந்த ஆஸ்பத்திரியில். அத்தனை பேரும் அவள் கணக்கில் நாலாம் வார்டுக்காரர்கள். போன வருடம் நாலாம் வார்டில் பிறப்பு நானூற்றுப் பத்து. மேட்டுக் குடியிருப்பில் வெறும் முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்று யார் என்று இப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரி வரை போக நேரமில்லாமல், மேட்டில் இருக்கிற சின்ன கிளினிக்கில் அவசரமாகப் பிறந்தவர்கள்.

"ஏன் இப்படி வெளிறிப்போயிட்டே? வாண்டுவோட பேர் தப்பா இருக்கா?" என்றான் கணவன்.

"பேரு சரியா இருக்கு. நான்தான் தப்பு."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கட்டில் மேல் கிடந்ததையெல்லாம் யார் மடித்து வைத்தார்கள் என்று நாம் கேட்க வேண்டாம்.

*

மேட்டுக் குடியிருப்பின் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிறவள் இளையவளின் நாத்தனார். ஊரில் பாதிக் குழந்தைகள் அவளைக் கண்டாலே அம்மாவின் புடவைக்குள் ஒளியும். வாண்டு அவளுக்கு வைத்த பெயர் ஊசி அத்தை. கையில் ஊசி இல்லாத நேரத்தில் அவளைப் போலச் சிரிக்கவைக்க ஆள் கிடையாது.

"என்ன அண்ணி, காலங்காத்தால? உங்களுக்கு ஊசி பாக்கி எதுவும் இல்லையே!"

"ஒரு கணக்கு வேணும். இந்த மேட்டுல குடியிருக்கிற குழந்தைங்க, போன வருஷம் பிறந்தவங்க மட்டும். வீட்டு முகவரியோட இருக்கா?"

"முகவரி இல்லாம நான் எங்க போய் ஊசி போடுறது? வாங்க."

ஊசி அத்தை ஒரு நீளமான தகரப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தாள். உள்ளே தெருவாரியாக, கட்டட வாரியாக, கதவு எண் வாரியாக அட்டைகள். ஒரு குழந்தைக்கு ஓர் அட்டை. போன வருடத்துக்கு மஞ்சள் நிறம்.

"இருநூத்திப் பன்னெண்டு," என்றாள், எண்ணாமலே.

"இருநூத்திப் பன்னெண்டா?"

"நம்பலேன்னா எண்ணிக்கோங்க. நாலாம் வார்டு நர்ஸ் நேத்துதான் போன்ல புலம்பினா. அவளுக்கு எழுபத்தெட்டு அட்டைதான். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேலைன்னு நான் புலம்ப வேண்டியது, அவ புலம்புறா."

இளையவள் எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணும்போதே இன்னொன்று கண்ணில் பட்டது. ஒவ்வோர் அட்டையின் கடைசி வரியிலும் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்தது. ஐந்து வருடம் தள்ளிய தேதி.

"இது என்ன?"

"பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு முன்னால போடுற ஊசி. முதல் ஊசி போட வரும்போதே அந்தத் தேதியைக் குறிச்சிடுவேன். பென்சில்லதான். யாரு எங்க மாறிப் போவாங்களோ."

இளையவள் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தாள். ஐந்து வருடத்துக்கு அப்புறம் வரப்போகிறவர்களைத் தான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். கணினியில் கட்டம் கட்டிப் பார்த்தாள். இங்கே ஒருத்தி ஒவ்வொரு பிள்ளையாகக் கையில் தூக்கி, அழவைத்து, சமாதானப்படுத்தி, அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகப்போகும் வருடத்தைக் கையால் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு தேதி தப்பவில்லை.

"அண்ணி, கொஞ்சம் நகருங்க. கதவைத் திறக்கணும். மணி ஒன்பதாச்சு."

கதவு திறந்தது. இன்று ஊசி போடும் நாள்.

வரிசை, கதவிலிருந்து தாழ்வாரத்துக்குப் போய், தாழ்வாரத்திலிருந்து படியிறங்கி, படியிலிருந்து கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தது. எத்தனை குழந்தைகள்! தோளில், இடுப்பில், துணிக்குள் சுருண்டு, அப்பாவின் சட்டைப் பையைக் கடித்துக்கொண்டு. முன்னால் ஒன்று அழுதது. அதைக் கேட்டு அடுத்தது அழுதது. அழுகை வரிசையோடு படியிறங்கிப் போய், கண்ணுக்குத் தெரியாத மூலையைத் திரும்பி, அங்கிருந்தும் கேட்டது.

இளையவள் சுவரோடு ஒட்டி நின்றாள். பதினோரு வருடமாகப் பிள்ளைகளை எண்ணுகிறாள். ஒரு தடவைகூட இப்படிச் சத்தம் கேட்டதில்லை. இவர்கள் எல்லாரும் ஒரே காலையில், ஒரே வருடத்தில், தலைவாரிக்கொண்டு ஒரு கதவைத் தேடி வருவார்கள். அது நடக்கப்போகிறது. யார் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கும். அப்போது இந்த மேட்டில் ஒரு பஸ் பணிமனை இருக்கும்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தை விடப் பெரிதாக ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. கோயிலில் கதவு திறக்கிறபோது கூட்டம் வாயடைத்து நிற்குமே, அப்படி நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன அண்ணி, ஊசி இவனுக்கா உங்களுக்கா?" என்றாள் ஊசி அத்தை, ஒரு குட்டித் தொடையைப் பிடித்துக்கொண்டே.

"மூணு மணிக்குள்ள நான் இதைச் சொல்லணும்மா."

"சொல்லுங்க. அதுக்கென்ன?"

அதற்கென்ன என்று கேட்பவளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் இருபத்து நாலு வகுப்பறையும் மேட்டுக்கு வந்துவிடும். அக்காவுக்கு ஒன்றும் மிஞ்சாது. பதினான்கு மாதம் போய் இனி ஆயுசுக்கும் பேச மாட்டாள்.

*

அக்காவின் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நாளைக்கு வெட்டப்போகிற அஸ்திவாரத்துக்கான கோடு. மதிய இடைவேளையில் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குள் ஓடிப்போய் நின்று, "இது எங்க கிளாசு, நீ வெளிய போ" என்று கட்டாத அறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாடி வா. சாப்பிட்டியா? பாரு இவனுங்களை. கதவு வைக்கிறதுக்கு முன்னால பூட்டுப் போட்டுட்டானுங்க."

இளையவளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அக்காவின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சான்றிதழ், பதிவு அலுவலகம், இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஒன்றையும் விடவில்லை.

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நாளைக்கு மண்ணு வெட்டுறாங்க. இன்னிக்கு வந்து சொல்றியா?"

"இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்க்கா."

"உனக்கு எப்பவும் என் விஷயத்துலதான் தெரிய வரும்."

"ஒண்ணு மட்டும் புரியலை. பிறப்புக் கணக்கு இவ்வளவு ஏறினப்பவே எனக்குச் சந்தேகம். அதனாலதான் உன் பள்ளிக் கணக்கையும் கேட்டு வாங்கினேன். நாலாம் வார்டுல குடியிருக்கிற பிள்ளைங்க வருஷா வருஷம் கூடுறாங்கன்னு நீ அனுப்பினே. ரெண்டும் ஒத்துப்போச்சு. சந்தேகம் போச்சு. இப்ப பார்த்தா பிறப்புக் கணக்கு தப்பு. அப்ப உன் கணக்கு எப்படி அதோட ஒத்துப்போச்சு?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டேன்."

அக்கா காட்டவில்லை. இளையவளே அலமாரியைத் திறந்து எடுத்தாள். அலுவலகத்துக்குப் போவது மொத்த எண்ணிக்கை மட்டும். பதிவேட்டை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முகவரிக் கட்டத்தில் விரலை வைத்து இறங்கினாள்.

ஆறு, அஞ்சல் நிலையத் தெரு. ஆறு, அஞ்சல் நிலையத் தெரு. அடுத்தது வேறு. மறுபடியும் ஆறு, அஞ்சல் நிலையத் தெரு. பக்கத்தைப் புரட்டினாள். ஆறு. ஆறு. ஆறு.

அது அக்காவும் தங்கையும் பிறந்து வளர்ந்த வீடு. ரெண்டு அறை, ஒரு சமையலறை. இப்போது அக்கா தனியாக இருக்கிறாள்.

"இது நம்ம வீடு," என்றாள் இளையவள்.

"தெரியும்."

"எத்தனை பேர்?"

"நூத்தி எழுபத்தாறு."

இளையவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டை விட்டு இறங்கியபின் இப்போதுதான் உட்காருகிறாள்.

"வார்டுக்குள்ள வீடு இருந்தாத்தான் சேர்க்கணும்னு விதி," என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தே. "மேட்டுல பள்ளிக்கூடமே இல்லை. அஞ்சு வருஷம் முன்னால ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிட்டு வந்து நின்னா. மூணு பள்ளிக்கூடத்துல திருப்பி அனுப்பியாச்சு. முகவரி கேட்டேன். பேந்தப் பேந்த முழிச்சா. என் முகவரியை எழுதிட்டேன். ஒரு பிள்ளைதானேன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் அவ பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டா."

வேறு ஒரு நாளாயிருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நூற்று எழுபத்தாறு பிள்ளைகளை ரெண்டு அறை வீட்டில் மறைத்தவளை இளையவள் இன்றுதான் பார்க்கிறாள். ஒருத்தி தெரியாமல் மேட்டுப் பிள்ளைகளை நாலாம் வார்டில் எழுதினாள். இன்னொருத்தி தெரிந்தே எழுதினாள். இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டன.

"இது வெளிய வந்தா என் வேலை போகும்," என்றாள் அக்கா. "இருபத்தாறு வருஷம்டி. பொய்ப் பதிவேடு எழுதினவள்னு பேரு வரும்."

"உன் பேரை நான் எடுக்க மாட்டேன். என் கணக்கு தப்புன்னு மட்டும் சொல்றேன்."

"சொல்லாமலே இருந்தா என்ன? கட்டடம் இங்கயே வரட்டும். இப்ப வர்ற மாதிரி பிள்ளைங்க பஸ்ஸுல வரட்டும்."

"இப்ப நூத்தி எழுபத்தாறு. இன்னும் கொஞ்ச வருஷத்துல ஆயிரம் பேருக்கா. அஞ்சு வயசுப் பிள்ளைங்க. தினம் ரெண்டு தடவை நெடுஞ்சாலையைத் தாண்டணும். அந்த நிலத்துல பணிமனை வந்துட்டா மேட்டுல வேற நிலம் கிடையாதுக்கா. என்னைக்கும் கிடையாது."

மணி அடித்தது. மைதானத்தில் இருந்தவர்கள் சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்கு அறை கிடையாது, தாழ்வாரம்தான். அக்கா பதிவேட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

"மூணு மணிக்கு வருவியா?" என்று கேட்டாள் இளையவள்.

"கூப்பிட்டிருக்காங்க. வராம?"

*

குழுவில் ஏழு பேர். நடுவில் தலைவர். நல்ல மனிதர்தான், ஆனால் மூன்று மணிக் கூட்டத்தை மூன்றரைக்கு முடித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் போல நடந்துகொள்வார். கட்டடப் பொறியாளர் வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் பேப்பர்வெயிட் வைத்தார். அக்கா கடைசி நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். தங்கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

தலைவர் பேனாவைத் திறந்தார்.

"ஐயா, கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் இளையவள்.

பேனா அப்படியே நின்றது.

எழுந்து நின்று சொன்னாள். பிறந்த இடத்தையும் வீட்டையும் தான் ஒன்றாக எடுத்துக்கொண்டதையும், நானூற்றுப் பத்து எழுபத்தெட்டானதையும், முப்பத்தொன்று இருநூற்றுப் பன்னிரண்டானதையும் சொன்னாள். தப்பு தன்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்றாள்.

தலைவர் கோப்பைப் புரட்டினார்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. அதை விடுங்க. ஆனா ஒண்ணு. பள்ளிப் பதிவேட்டோட சரிபார்த்ததா நீங்களே எழுதியிருக்கீங்க. நாலாம் வார்டுப் பிள்ளைங்க கூடியிருக்காங்க. அது எப்படி?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் மதியத்திலிருந்து பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

"அதுலயும் நான்தான்... சரியாப் பார்க்கலை ஐயா."

"பதிவேடு பள்ளிக்கூடத்துது. நீங்க என்ன சரியாப் பார்க்கலை?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். தலைவர் காத்திருந்தார். பொறியாளர் மணியைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் இப்படியே போயிருந்தால், இவள் கணக்கில் எதை நம்புவது என்று சொல்லித் தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"அதை என்கிட்ட கேளுங்க," என்றாள் அக்கா.

பையிலிருந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, வரைபடத்தின் மேலேயே விரித்து வைத்தாள். தலைவர் குனிந்து படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம்.

"ஆறு, அஞ்சல் நிலையத் தெரு. இது யார் வீடு?"

"என் வீடு."

"அந்த வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தி. பதிவேட்டுப்படி நூத்தி எழுபத்தேழு பேர்."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே நிறுத்திக்கொண்டார்.

"இவங்க எல்லாரும் மேட்டுலேருந்துதான் வர்றாங்கன்னு என்ன நிச்சயம்?"

அக்கா பதிவேட்டைப் பார்க்கவில்லை. "தண்ணித் தொட்டி நிறுத்தத்துல முப்பத்தொம்பது பேர் ஏறுவாங்க. நாலாம் பிளாக் வாசல்ல அம்பத்திரண்டு. கிளினிக் முன்னால நாப்பத்திநாலு. கடைசி வளைவுல நாப்பத்தொண்ணு. கடைசி வளைவுல ஏறுறவங்களுக்கு உக்கார இடம் கிடைக்காது, அதனால முதல் பீரியட்ல தூங்கிடுவாங்க. அவங்களுக்கு நான் முதல் பீரியட்ல பாடம் வைக்கிறதில்லை. பாட்டுதான்."

இளையவள் கை தானாக எழுதிக்கொண்டிருந்தது. கூட்டினாள். நூற்று எழுபத்தாறு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஊர் முழுக்க எண்ணுகிற அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத கணக்கு, ஒரு தலைமையாசிரியையின் நாக்கு நுனியில் நிறுத்தம் நிறுத்தமாக நின்றிருக்கிறது. இவள் என் அக்காவா என்று பிரமித்துப் பார்த்தாள். தான் அவளை விட அதிகம் படித்தவள் என்று பல வருடமாக மனசுக்குள் வைத்திருந்த எண்ணம் அந்த இடத்திலேயே கரைந்து போயிற்று.

"அவங்களை நான் எண்ணிட்டேன்," என்றாள் அக்கா. "அவங்க வீட்டுல தவழுற தம்பி தங்கச்சிங்களை எண்ணலை. அது இவ வேலை. இன்னிக்கு இவ எண்ணிட்டு வந்திருக்கா. அதை நம்புங்க."

தலைவர் பேனாவை மூடினார். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"மேட்டு நிலத்துல எத்தனை வகுப்பறை?" என்று இளையவளைக் கேட்டார்.

"முப்பது. மேல இன்னொரு மாடி தாங்குற அஸ்திவாரத்தோட."

"எழுதிக் கொடுங்க. நிலம் பணிமனைக்குப் போகாது. நாளைக்கு மண்ணு வெட்டுறதும் இல்லை." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "டீச்சர், நீங்க செஞ்சது எதுக்குன்னு புரியுது. ஆனா பதிவேடு பதிவேடுதான். விசாரணை முடியிற வரைக்கும் நீங்க பள்ளிக்குப் போகக் கூடாது. சாவியை வச்சிட்டுப் போங்க."

அக்கா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள்.

*

இளையவள் படியிறங்கி ஓடிவந்தபோது அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை.

"அக்கா..."

"பேசாத."

பதினான்கு மாதம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். ஆனாலும் பக்கத்திலேயே நின்றாள்.

நாலே கால் மணிக்கு மேட்டுக் குடியிருப்பு பஸ் வந்தது. பள்ளி விட்டு வருகிற பஸ். எள் போட இடமில்லை. ஜன்னல் எல்லாம் தலைகள். நின்றதும் உள்ளேயிருந்து ஒரே கூச்சல்: "டீச்சர்! டீச்சர் வர்றாங்க!"

அக்கா படியில் கால் வைத்து ஏறினாள். திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி மரம் மாதிரி நிக்கிறே? ஏறு."

"இடம் இருக்கா?"

"இருக்காது. நகர்ந்துப்பாங்க. டேய், சித்திக்கு வழி விடுங்க."

நகர்ந்தார்கள். எப்படி நகர்ந்தார்களோ, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வந்துவிட்டது. பஸ் புறப்பட்டது. அக்காவின் தோள் தங்கையின் தோளில் இடித்தது, அக்கா விலக்கிக்கொள்ளவில்லை. இளையவள் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். வழக்கம் போல எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டுக்கு மேல் போக முடியவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது.

கம்பியைப் பிடித்திருந்த ஒரு சிறுமி, கடைசி வளைவில் இறங்குகிறவள், அக்காவின் கையை இழுத்தாள்.

"டீச்சர், நாளைக்கு முதல் பீரியட்ல என்ன பாட்டு?"

பஸ்ஸில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது.

அக்கா சொல்வதற்கு வாயைத் திறந்தாள். கை, மேசைமேல் வைத்துவிட்டு வந்த சாவிக்கொத்தைப் பைக்குள் தேடியது.